தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து: நீலகிரி ஊர்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையும் முறை

நீலகிரியில் எந்த இணைய வரைபடத்தைத் திறந்தாலும் தார்ச்சாலை இருக்கும். குன்னூரிலிருந்து கோத்தகிரி போவதற்கும், ஊட்டியிலிருந்து மஞ்சூர் போவதற்கும் வழி கேட்கவே வேண்டாம். அந்தச் சாலையிலிருந்து ஹட்டிக்கு (படகர் ஊர்) இறங்கும் படிக்கட்டு, எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போகும் கற்பாதை, பச்சைத் தேயிலை எடை போடும் ஷெட், ஓடையைத் தாண்டும் நடைபாலம் இவையெல்லாம் பெரும்பாலும் இருக்காது. 108-க்குப் போன் செய்யும் வீட்டுக்குத் தேவை அந்தக் கடைசி 300 மீட்டர்தான். வண்டி எதுவரை வரும், அங்கிருந்து நோயாளியை எந்த வழியாகத் தூக்கி வரவேண்டும் என்பதை அந்த ஊரில் நடப்பவர்கள் மட்டுமே சரியாகச் சொல்ல முடியும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், சுருக்கமாக ஓஎஸ்எம், 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி வரையலாம். மூலத்தைக் குறிப்பிட்டால் யார் வேண்டுமானாலும் அந்தத் தரவைப் பயன்படுத்தலாம். வரைய ஒரு கணினி, நடக்கும் வழியை ஜிபிஎஸ் தடமாகப் பதிய ஓர் ஆண்ட்ராய்டு போன், நடக்கக் கால்கள், இவ்வளவு போதும். கணினி புதிதாக இருக்கத் தேவையில்லை.

கணினியைத் தயார் செய்தல்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் ஓரங்கட்டப்பட்ட மடிக்கணினி வீட்டில் இருந்தால் இந்த வேலைக்கு அதுவே போதும். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 2 ஜிபி ரேமில் ஓடும் என்றாலும் வரைபட வேலைக்கு 4 ஜிபி வேண்டும். செலவு செய்ய வசதி இருந்தால் முதலில் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். ரேம் கூட்டுவதைவிட அதில்தான் வேகம் கூடும்.

நிறுவல் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. மலையில் இணைப்பு அறுந்து அறுந்து வரும் என்பதால் டாரன்ட் வழியாக இறக்குங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். இறக்கி முடித்ததும் செவன்-ஜிப் நிரலின் வலது சொடுக்குப் பட்டியலில் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) கணக்கிட்டு, மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பைப் பயன்படுத்தாதீர்கள். நிறுவல் நடுவில் காரணம் புரியாமல் நிற்பதற்குக் குறைபட்ட கோப்பு அடிக்கடி காரணமாக இருக்கும். சரியாக இருந்தால் ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற நிரலைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் மூன்று வேலைகளை முன்கூட்டியே முடியுங்கள். தேவையான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். விண்டோஸின் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் பகிர்வு (டிஸ்க்கில் அது இருக்கும் பகுதி) பூட்டியபடியே கிடக்கும், லினக்ஸால் அதில் எழுத முடியாது. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு விண்டோஸின் டிஸ்க் மேலாண்மையிலேயே 60 ஜிபி இடத்தைக் காலியாக்குங்கள்.

துவக்கப் பட்டியலுக்கு லெனோவோ, டெல் கணினிகளில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் முதலில் பயாஸுக்குள் போய் அந்த விசையை இயக்க வேண்டியிருக்கும். பென் டிரைவிலிருந்து மின்ட் திறந்ததும் உடனே நிறுவாதீர்கள். அரைமணி நேரம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, டச்பேட், ஒலி, மூடித் திறந்தால் விழிப்பது என எல்லாவற்றையும் சோதியுங்கள். சில பழைய கணினிகளில் வைஃபை மட்டும் தெரியாது. போனை யூஎஸ்பி கம்பியில் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் எந்த டிரைவரும் இல்லாமல் இணையம் வரும். அதன் பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வைஃபைக்கு உரிய டிரைவரை அதுவே காட்டும்.

நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்ற தேர்வு விண்டோஸையும் சேர்த்து அழிக்கும். கூடவே வைக்க வேண்டுமென்றால் 'பக்கத்தில் நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரி செத்த மடிக்கணினியில் மழைநாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். பகிர்வுகளை மாற்றி எழுதும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் இரண்டு இயங்குதளமும் திறக்காமல் போகலாம்.

தமிழ் தட்டச்சுக்கு மின்ட்டின் இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸ்ஸையும், அதனுடன் எம்17என் தொகுப்பையும் நிறுவி தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். விசைப்பலகை அமைப்பிலேயே ஒரு தமிழ்99 தெரியும். அது எழுத்துகளை மட்டும் இடம் மாற்றித் தரும். 'க' விசையை இருமுறை அழுத்தினால் 'க்க' ஆக்கும் புள்ளி விதிகள் அதில் இயங்காது.

வரையும் மென்பொருள் இரண்டு. உலாவியிலேயே திறக்கும் ஐடி தொடக்கத்துக்கு ஏற்றது. மலையில் தொடர்ந்து வரைபவர்களுக்கு ஜோஸம் தேவை. அதில் ஒரு பகுதியை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே வரையலாம், கோப்பாகச் சேமிக்கலாம், டவுனுக்குப் போகும் நாளில் பதிவேற்றலாம். மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஜோஸம் சிஸ்டம் தொகுப்பு, ஃபிளாட்பேக் என்று இரண்டு விதமாகக் கிடைக்கலாம். சிஸ்டம் தொகுப்பு பழைய பதிப்பாகவே நின்றுவிடும். ஓஎஸ்எம் 2024 நடுவில் பழைய உள்நுழைவு முறைகளை நிறுத்திவிட்டதால், அதற்கு முந்தைய பதிப்புகளில் மாலை முழுக்க வரைந்துவிட்டுப் பதிவேற்றும்போது கடவுச்சொல் தவறு என்று வரும். ஃபிளாட்பேக் பதிப்பைப் போடுங்கள். பட்டியலில் தெரியாவிட்டால் அதே மேனேஜரின் அமைப்பில் சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளையும் காட்டும் தேர்வை இயக்குங்கள். ஜாவா அதனுடனேயே வரும்.

நடைக்கு முன்

போனில் இரண்டு செயலிகள் போதும். தடம் பதிய ஓஎஸ்எம்ஆண்ட், கேள்வி பதிலாக விவரம் சேர்க்க ஸ்ட்ரீட்கம்ப்ளீட். இரண்டையும் எஃப்-டிராய்டு கடையிலிருந்து எடுக்கலாம். ஓஎஸ்எம்ஆண்டில் 'பயணப் பதிவு' என்ற இணைப்பை இயக்கி, இடைவெளியை 3 விநாடி என்று வையுங்கள். 30 விநாடி வைத்தால் நடைபாதையின் வளைவுகள் எல்லாம் நேர்கோடாகிவிடும்.

தடம் பாதியில் அறுந்துபோவதுதான் எல்லோருக்கும் முதலில் வரும் தொல்லை. திரையை அணைத்துப் பையில் போட்டதும் ஆண்ட்ராய்டு பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று செயலியை நிறுத்திவிடும். போனின் அமைப்பில் அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, இருப்பிட அனுமதியைத் துல்லிய இருப்பிடத்தோடு கொடுங்கள். வீட்டிலிருந்து கடைவரை நடந்து ஒருமுறை சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது, செயற்கைக்கோள் பிடிபடும் நேரம். டவர் இருக்கும் இடத்தில் போன் இணையத்திலிருந்து செயற்கைக்கோள்களின் நிலையை வாங்கிக்கொண்டு சில நொடிகளில் இடத்தைச் சொல்லிவிடும். டவர் இல்லாத பள்ளத்தில் அதை வானத்திலிருந்தே வாங்க வேண்டும். நீண்ட நாள் ஜிபிஎஸ்ஸை அணைத்து வைத்திருந்த போனுக்கு முழு அட்டவணையும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். அதனால் வானம் திறந்த மேட்டில் நின்று, துல்லியம் 5 மீட்டருக்குள் வந்த பிறகு பள்ளத்தில் இறங்குங்கள்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் போன் பேட்டரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கும். போனைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டு போங்கள். மேகம் இறங்கினால் பேனா மை கரைந்துவிடும்.

மழைக்காலம் மாவட்டத்துக்குள்ளேயே மாறும். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அளவெடுப்பு நடக்காது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவுக் காலம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை எல்லாப் பக்கமும் நடக்கலாம். நேரம் காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள். அதற்கு முன்னும் பின்னும் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், கோத்தகிரிப் பக்கம் கரடி இறங்கும். தனியாகப் போகாதீர்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் கூட வந்தால் பாதுகாப்பும் உண்டு, பெயர்களும் கிடைக்கும்.

நடக்கும்போது

ஒருநாளைக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர் போதும். ஒரு ஹட்டியும் அதைச் சுற்றிய பாதைகளும் அதற்குள் அடங்கிவிடும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். தடத்தில் அங்கே புள்ளிகள் குவியும், வரையும்போது சந்திப்பு எது என்று கண்டுபிடிக்க அந்தக் குவியல்தான் உதவும். முடிந்தால் போன வழியிலேயே திரும்புங்கள். திறந்த இடத்தில் போன் 3 முதல் 5 மீட்டர் துல்லியம் தரும். கற்பூர மரத்தோப்பிலும் சோலைக்குள்ளும் 15 மீட்டர்கூட விலகும். செங்குத்துச் சரிவில் நடந்தால் ஒருபக்க வானம் முழுக்க மறைந்து, தடம் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழும். போகும்போதும் வரும்போதும் பதிந்த இரண்டு தடங்கள் இருந்தால் நடுவில் கோடு இழுக்கலாம். ஒரே தடம் இருந்தால் தவறு எங்கே என்று தெரியவே தெரியாது.

நோட்டில் எழுத வேண்டியவை இவை: பாதை சிமென்டா, கல்லா, மண்ணா, ஜீப் போகுமா, ஆட்டோ போகுமா, நடை மட்டுமா, படிக்கட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கைப்பிடி உண்டா, ஓடையைப் பாலத்தில் தாண்டுகிறதா, கல்மேல் தாண்டுகிறதா, மழையில் மூழ்குமா, எஸ்டேட் கேட் எங்கே, இரவில் பூட்டுவார்களா, தண்ணீர்க் குழாய், அங்கன்வாடி, ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம், பேருந்து நிற்கும் இடம். இவற்றைவிட முக்கியமானது, நான்கு சக்கர வண்டி திரும்பக்கூடிய கடைசி இடம். அங்கே நின்று ஒரு புள்ளி குறித்துவிட்டு நகருங்கள். பலகைகளைப் போட்டோ எடுங்கள். ஜோஸம் படத்தை அதன் இடத்தில் வைத்துக் காட்டும்.

உயரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜிபிஎஸ் கணக்கிடுவது பூமியின் வடிவத்துக்காக வகுத்த ஒரு நீள்கோள மேற்பரப்பிலிருந்து உள்ள உயரம், கடல் மட்டத்திலிருந்து அல்ல. தென்னிந்தியாவில் இந்த இரண்டுக்கும் இடைவெளி உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. நீலகிரியில் சுமார் 90 மீட்டர். திருத்தம் செய்யாத செயலியோடு 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியில் நின்றால் 2,550-க்கும் குறைவாகக் காட்டும். போன் பழுது என்று நினைக்காதீர்கள். அந்த எண்ணைச் சிகர உயரமாக வரைபடத்தில் எழுதியும் விடாதீர்கள்.

வரைதல்

ஜோஸமைத் திறந்து, நடந்த பகுதியை மட்டும் இறக்குங்கள். ஓஎஸ்எம் சேவையகம் ஒரு முறைக்கு 50,000 புள்ளிகள்வரைதான் கொடுக்கும். ஊட்டி நகரையே மொத்தமாகக் கேட்டால் மறுத்துவிடக்கூடும். பிறகு உங்கள் தடக் கோப்பைத் திறங்கள், பின்னணியில் பிங் அல்லது எஸ்ரி செயற்கைக்கோள் படத்தைப் போடுங்கள். கூகுள் வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்து எழுதக்கூடாது. அதன் உரிமம் இடம் தராது. அப்படி எழுதியது தெரிந்தால் மொத்தமும் நீக்கப்படும்.

மலையில் வரைபவர் எல்லோரும் சறுக்கும் இடம் இதற்கு அடுத்து வருகிறது. செயற்கைக்கோள் நேர் கீழே பார்த்துப் படமெடுப்பதில்லை, சாய்வாக எடுக்கிறது. அந்தச் சாய்வைச் சரிசெய்ய நிலத்தின் உயரக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். சமவெளியில் பிழை தெரியாது. மேடும் பள்ளமும் அடுத்தடுத்து வரும் இடத்தில் உயரக் கணக்கில் உள்ள சிறு பிழையும் படத்தை 10, 20 மீட்டர் தள்ளிவிடும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே திசையில் தள்ளாது. மேட்டில் ஒருபக்கம், எதிர்ச்சரிவில் இன்னொருபக்கம். மேட்டுப்பாளையத்தில் சரிசெய்த அளவை பர்லியாறில் பயன்படுத்த முடியாது.

ஆகவே ஒவ்வொரு சரிவிலும் இப்படிச் செய்யுங்கள். தடத்திலும் படத்திலும் ஐயமில்லாமல் தெரியும் சந்திப்புகள் மூன்றைத் தேடுங்கள். பட விலகல் கருவியைத் திறந்து, மூன்றும் பொருந்தும்வரை படத்தை இழுங்கள். ஐடியில் 'பி' விசையை அழுத்தினால் பின்னணிப் பலகை வரும், அதன் அடியில் இந்த வசதி உண்டு. மூன்றில் இரண்டு பொருந்தி ஒன்று விலகினால், விலகும் சந்திப்பு வேறு உயரத்தில் இருக்கிறது என்று பொருள். அந்தப் பகுதிக்கு வந்ததும் மறுபடி சரிசெய்யுங்கள். மற்றவர்கள் பதிவேற்றிய பொதுத் தடங்களையும் ஜோஸமில் இறக்கலாம். நான்கைந்து தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சாலைதான் சரியான அளவுகோல்.

ஏற்கெனவே வரைந்த சாலை உங்கள் படத்தோடு பொருந்தவில்லை என்றவுடன் அதை நகர்த்திவிடாதீர்கள். முன்பு வரைந்தவர் தடத்தை வைத்து வரைந்திருக்கலாம், உங்கள் படம்தான் விலகியிருக்கலாம். தடத்தோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கோடுகளின் வகைக்கு வருவோம். ஊர்களை இணைக்கும் சிறு சாலை 'அன்கிளாசிஃபைட்'. வீடுகளுக்கு நடுவே போவது 'ரெசிடென்ஷியல்'. எஸ்டேட் லாரி, டிராக்டர் போகும் மண்பாதை 'ட்ராக்'; இதற்கு 1 முதல் 5 வரை தரம் உண்டு, இறுகிய தரை 1, மழையில் சேறாகும் வெறும் மண் 5. ஒற்றையடிப் பாதை 'பாத்'. படிக்கட்டை அதற்குரிய 'ஸ்டெப்ஸ்' வகையில் தனிக் கோடாக வெட்டி வையுங்கள். இதில் சோம்பல் கூடாது. படிக்கட்டை ரெசிடென்ஷியல் சாலை என்று வரைந்த ஒரே கோட்டை நம்பி, வழிகாட்டிச் செயலி ஒரு வேனை இரவில் ஹட்டியின் சந்துக்குள் இறக்கிவிடும். பின்னால் எடுக்கவும் இடமிருக்காது.

கொண்டை ஊசி வளைவுகளில் புள்ளிகளைத் தாராளமாக வையுங்கள். கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளையும் முக்கோணம் முக்கோணமாக வரைந்தால் தூரமும் நேரமும் குறைந்து காட்டும். கோடுகள் பார்வைக்குத் தொட்டுக்கொண்டால் போதாது, ஒரே புள்ளியைப் பகிர வேண்டும். அரை மீட்டர் இடைவெளி இருந்தாலும் செயலிக்கு அது முட்டுச் சந்துதான். வளைவின் மேலே ஒரு சாலையும் கீழே ஒரு சாலையும் அருகருகே ஓடும் இடத்தில் இதற்கு நேர்மாறான பிழை வரும். தெரியாமல் இரண்டையும் ஒட்டிவிட்டால் 20 மீட்டர் சுவரின் மேலே வண்டி ஏறலாம் என்று வழி காட்டும்.

ஓடைகளை நீர் ஓடும் திசையில், மேலிருந்து கீழாக வரையுங்கள். அது பாதையைக் குறுக்கிடும் இடத்தில் பாலமா, மதகா, இறங்கித் தாண்டுவதா என்று குறியுங்கள். தேயிலைக்கு ஓஎஸ்எம்மில் இரண்டு வழக்கம் உண்டு: விளைநிலம் என்று போட்டுப் பயிர் தேயிலை என்பது ஒன்று, தோப்பு என்று போட்டு மரம் தேயிலைச் செடி என்பது இன்னொன்று. சுற்றுவட்டாரத்தில் எது இருக்கிறதோ அதையே தொடருங்கள். அதைவிடப் பாதைகளுக்கு நேரம் ஒதுக்குவது நல்லது.

தொழிலாளர்கள் காலங்காலமாக நடக்கும் எஸ்டேட் பாதை, உரிமையாளர் பொறுத்துக்கொள்ளும் பாதை, முழுக்கத் தனியார் பாதை இவற்றுக்குத் தனித்தனி அனுமதிக் குறிகள் உள்ளன. தெரிந்ததைப் போடுங்கள். பந்திப்பூர் வழியாகப் போகும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை பொது வாகனங்களுக்கு மூடப்படுகிறது. இதுபோன்றதை நேர நிபந்தனையோடு எழுதலாம். சாலையையே மூடியதாகக் குறிக்கக்கூடாது.

பெயர்கள்

பெயர் பெட்டியில் ஏற்கெனவே ஆங்கில எழுத்தில் இருப்பதை அழித்துவிட்டுத் தமிழ் எழுதாதீர்கள். தமிழுக்குத் தனி இடம் உண்டு. ஐடியில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தித் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஜோஸமில் நேம் என்ற ஆங்கிலச் சொல், இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி, பிறகு தமிழின் ஈரெழுத்துக் குறியான டி, ஏ என்று எழுதுங்கள்.

நீலகிரியில் ஒரே மேட்டுக்குப் படகர் ஒரு பெயரும், தோடர் ஒரு பெயரும், கோத்தர் ஒரு பெயரும் சொல்வார்கள். வருவாய்த்துறைப் பதிவில் நான்காவது ஒன்று இருக்கும். வரைபடத்தில் இவை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. படக மொழிக்குப் பி, எஃப், க்யூ. தோடருக்கு டி, சி, எக்ஸ். கோத்தருக்குக் கே, எஃப், இ என்பவை பன்னாட்டு மொழிக் குறிகள். பெயரைக் கேட்டு எழுதும்போது அந்த ஊர்ப் பெரியவர் இருவரிடமாவது தனித்தனியாகக் கேளுங்கள். வெளியாட்களுக்குச் சொல்லும் பெயர் ஒன்றும் தங்களுக்குள் சொல்லும் பெயர் ஒன்றும் இருப்பது இங்கே சாதாரணம். பேருந்துப் பலகையில் உள்ள பெயர் மூன்றாவது வழக்காக இருந்தால் அதை மாற்றுப்பெயராகச் சேருங்கள். உதகமண்டலம், உதகை, ஊட்டி மூன்றையும் தேடுவோர் இருக்கிறார்கள்.

எழுத்தில் கவனம் வேண்டும். துணைக்காலுக்குப் பதில் 'ர' போட்டால் திரையில் வித்தியாசம் தெரியாது. 'கோத்தகிரி'யின் 'கோ'வைக் கொம்பு, ககரம், ரகரம் என்று அடித்திருந்தால் அந்த ஊர் தேடலில் கிடைக்கவே கிடைக்காது. 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் அடிப்பதும் அப்படித்தான். பழைய எழுத்துரு ஆவணங்களிலிருந்து வெட்டி ஒட்டினால் குப்பை எழுத்து விழும். யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். சில கணினிகளில் ஜோஸமின் பெட்டிக்குள் தமிழ் விசைப்பலகை மக்கர் செய்யும். உரைத் திருத்தியில் அடித்து ஒட்டினால் சரியாக விழும்.

வரையக் கூடாதவை

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள் இந்தியர்கள் முன் அனுமதி இல்லாமல் வரைபடத் தரவு சேகரிக்க வழி திறந்தன. பாதுகாப்பு சார்ந்த விவரங்களுக்குக் கட்டுப்பாடு தொடர்கிறது. வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இவற்றின் வேலிக்குள் இருப்பதைத் தொடாதீர்கள். பொதுச்சாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காப்புக்காட்டுப் பாதையில் அனுமதி இல்லாமல் நடப்பதே குற்றம். அளவெடுக்க என்று உள்ளே போகாதீர்கள். ஏற்கெனவே வரைபடத்தில் இருக்கும் காட்டுப்பாதைக்கு அனுமதி இல்லை அல்லது அனுமதிச் சீட்டு தேவை என்ற குறியைச் சேருங்கள். பாதையை அழித்தால் அடுத்தவர் படத்தைப் பார்த்து, அந்தக் குறி இல்லாமல் மறுபடி வரைந்துவிடுவார். தோடர் மந்துகளில் (தோடர் குடியிருப்புகள்) கோயிலும் ஈமச்சடங்கு நடக்கும் இடமும் அவர்களிடம் கேட்காமல் வரையத் தகுந்தவை அல்ல. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வீடுகளுக்கு ஆள் பெயர் போடாதீர்கள்.

பதிவேற்றமும் பிறகும்

பதிவேற்றும் முன் ஜோஸமின் சரிபார்ப்பியை ஓட்டுங்கள். இணையாத கோடு, பாலமில்லாமல் ஓடையை வெட்டும் சாலை, இருமுறை வரைந்த கட்டிடம் எல்லாவற்றையும் அது பட்டியலிடும். உங்கள் பகுதியில் உள்ளவற்றைத் திருத்துங்கள், பக்கத்து ஊரின் எச்சரிக்கைகளை நேரில் பார்க்காமல் தொடாதீர்கள். விளக்கப் பெட்டியில் 'திருத்தம்' என்று ஒற்றைச் சொல் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த ஊர், என்ன சேர்த்தீர்கள், நேரில் நடந்ததா படத்தைப் பார்த்ததா என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். பல நாள் இணையமில்லாமல் வரைந்திருந்தால், அதற்குள் இன்னொருவர் அதே பாதையைத் திருத்தியிருக்கலாம். ஜோஸம் முரண்பாடு என்று காட்டும். அவருடைய மாற்றத்தைப் படித்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் தீருங்கள். யாராவது கேள்வி எழுதினால் ஓரிரு நாளுக்குள் பதில் சொல்லுங்கள், பதில் இல்லாத திருத்தங்களைத்தான் பிறர் எளிதில் திருப்பிவிடுவார்கள்.

வரைந்தது தெரியவில்லை என்று மறுபடி வரையாதீர்கள். ஓஎஸ்எம் தளத்தில் சில நிமிடங்களில் தெரியும், தெரியாவிட்டால் கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்துங்கள். ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகளில் இறக்கி வைக்கும் வரைபடங்கள் ஏறக்குறைய மாதம் ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும்.

மண்சரிவு விழுந்தால் உடனே சாலையை மூடியதாகக் குறிக்கத் தோன்றும். இந்த மாத இடைவெளியை நினைவில் வையுங்கள். நான்கு நாளில் மண்ணை அள்ளிவிடும் சாலையை மூடியதாக எழுதினால், சாலை திறந்த பிறகும் அந்த வாரம் வரைபடம் இறக்கியவர்களின் போனில் ஒரு மாதம் மூடியே கிடக்கும். சாலை முழுதாக அடித்துப் போய் மாதக்கணக்கில் வேலை நடக்கும் என்று தெரிந்தால் மட்டும் அந்தத் துண்டை வெட்டி, 'கட்டுமானத்தில்' என்று மாற்றி, குறிப்பில் தேதியைப் போடுங்கள். மாற்றுப்பாதையாக ஜனங்கள் நடக்கும் வழியை அன்றே நடந்து பதியுங்கள். சாலை திறக்கும் நாளில் பழைய குறியை மீட்க யார் பொறுப்பு என்று ஊரில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.